அளவாகச் சாப்பிடுகிறவரின் இரத்த அழுத்தம்

உலகத்தில் அதிகமாகச் சாப்பிடுகிறவர்கள் உண்டு, குறைவாகச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. இவர்களைப் பற்றி நமக்குக் கவலையில்லை. இருவருக்கும் தாங்கள் யாரென்று நன்றாகத் தெரியும். மருத்துவர்களின் தலைமுடி உதிர்வதற்குக் காரணமான மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அதுதான் அளவாகச் சாப்பிடுகிற இனம்.

இந்த இனத்தாரை அடையாளம் காண்பது சுலபம். எதைப் பற்றிக் கேட்டாலும், கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். உப்பா? அளவாக. காபியா? அளவாக. பீரா? சேச்சே, அளவாக. அந்த அளவு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டி, "அவரை விடக் கம்மி" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் இவரைக் காட்டி அதையேதான் சொல்வார்.

ஹாலந்தின் வடகோடியில், கடலைத் தடுத்து நிற்கும் கரைக்குக் கீழே உள்ள ஒரு சிற்றூரில் வாழும் ஏல்கோ, இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி. பால் கூட்டுறவில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற புதிதில் வீட்டிலிருந்த எல்லாக் கதவுகளின் கீல்களுக்கும் எண்ணெய் போட்டார். கீச்சிட்ட கதவுக்குப் போட்டார், கீச்சிடாத கதவுக்கும் போட்டார், பிறகு சமையலறைக்கு வந்து, கரண்டிகளை எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்று மனைவி ரென்ஸ்கேவுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

"ஏல்கோ, ஒண்ணு நீ வெளிய போ. இல்லன்னா நான் போறேன்" என்றாள் ரென்ஸ்கே.

அவர் போனார். ஊர்ப் பஸ் ஓட்டப் போனார். பெரிய பஸ்கள் "ஆளே ஏறுவதில்லை" என்று கைவிட்ட வழித்தடத்தில், ஊர்க்காரர்களே சங்கம் வைத்து, சம்பளமில்லாமல் முறை போட்டு ஓட்டுகிற எட்டு இருக்கை வண்டி அது. மருந்துக் கடைக்கும் கல்லறைக்கும் முடிதிருத்தகத்துக்கும் போக வேண்டிய கிழவர்களும் கிழவிகளும் அதில்தான் போனார்கள். அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்த நாளிலிருந்து ஏல்கோ மறுபடி மனிதரானார். காலையில் சவரம் செய்துகொண்டார். விசிலடித்தார். கரண்டிகளை மறந்தார்.

அந்த ஸ்டீயரிங்குக்குத்தான் ஆபத்து வந்தது. வயதான ஓட்டுநர்கள் மருத்துவரிடம் உடல்நலச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. டாக்டர் வீர்ஸ்மா ஏல்கோவின் கையில் பட்டையைச் சுற்றினார், காற்றடித்தார், பார்த்தார், மறுபடி காற்றடித்தார்.

"நூத்தி எண்பத்தஞ்சு. இது ரத்தக் குழாய் இல்ல ஏல்கோ, தீயணைப்பு வண்டிக் குழாய்."

"வண்டியை நிறுத்த இடம் கிடைக்கல டாக்டர். அந்த எரிச்சலா இருக்கும்."

"நீங்க நடந்துதானே வந்தீங்க?"

ஏல்கோ ஜன்னலைப் பார்த்தார். டாக்டர் சிரிக்கவில்லை. "இப்படியே விட்டா மூளையில குழாய் வெடிக்கும். பஸ்ஸுல வெடிச்சா நீங்க மட்டும் போக மாட்டீங்க, எட்டுப் பேரைக் கூட்டிக்கிட்டு கால்வாய்க்குள்ள போவீங்க. பழைய சான்றிதழ் வசந்த காலம் வரைக்கும் செல்லும். அதுக்குள்ள இறங்கலன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஒரு மாத்திரை வந்தது. அழுத்தம் அசையவில்லை. இரண்டாவது மாத்திரை வந்தது. அழுத்தம் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. மூன்றாவதாக வந்தது சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை. அதன் பயனாக, எந்தக் கிராமத்தில் எந்தத் தேவாலயத்துக்குப் பின்னால் கழிப்பறை இருக்கிறது என்பது ஏல்கோவுக்கு மனப்பாடமானது. அழுத்தம் மட்டும், மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, இடத்தை விட்டு நகரவே இல்லை.

வீட்டில் ரென்ஸ்கே போர் தொடுத்தாள். உப்பு ஜாடி போயிற்று. பாலாடைக்கட்டி போயிற்று, அந்த நாட்டில் அது போனால் காலை உணவும் மதிய உணவும் சேர்ந்தே போன மாதிரி. புகையூட்டிய சாசேஜ் போயிற்று. ஒரே சட்டியில் சமைத்து ஒரே சட்டியில் உண்பதுதான் நியாயம் என்று நினைத்து, அவளும் உப்பை விட்டாள். கீரையோடு பிசைந்த உருளைக்கிழங்கு, உப்பில்லாமல், ஈரச் சுவரை நக்கியது போல இருந்தது. ரென்ஸ்கே முகம் சுளித்து விழுங்கினாள். ஏல்கோ? ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றார். ரென்ஸ்கேவுக்கு அவர் மேல் புதிதாக மரியாதையே வந்துவிட்டது.

இந்தப் பொறுமை அவருக்கு எங்கிருந்து வந்தது? மேல்சட்டையின் வலது பையிலிருந்து வந்தது.

அதிமதுர வேரைக் காய்ச்சி, அந்தச் சாற்றை இறுக்கி, நவச்சாரம் சேர்த்துச் செய்கிற கருப்பு மிட்டாய் ஒன்று அங்கே உண்டு, பெயர் ட்ரொப். காசு வடிவத்தில் இருக்கும், பூனை வடிவத்தில் இருக்கும், இனிப்பாக இருக்கும், உப்பாக இருக்கும், இரட்டை உப்பு என்று ஒன்று இருக்கும். வெளியூர்க்காரர் வாயில் போட்டால், தார் போடுகிற இடத்தில் தடுக்கி விழுந்தவர் போல முகம் கோணுவார். அந்த ஊர்க்காரருக்கோ அது மூச்சு. மூச்சை யாராவது உணவுப் பட்டியலில் சேர்ப்பார்களா? சாப்பாடு என்றால் தட்டில் இருக்க வேண்டும். ட்ரொப் தட்டிலா இருக்கிறது? பையில் அல்லவா இருக்கிறது!

அதிலும் பஸ்ஸில் அது வெறும் மிட்டாய்கூட இல்லை, மரியாதை. ஏறுகிறவர் ஓட்டுநருக்கு ஒன்று நீட்டுவார். இறங்கும்போது ஓட்டுநர் அவருக்கு ஒன்று கொடுத்து, துணைக்குத் தானும் ஒன்று போட்டுக்கொள்வார். மறுத்தால், "என்ன, கோவமா?" என்று கேட்பார்கள். கிழவிகளைக் கோபித்துக்கொள்ள ஏல்கோ என்ன கல்நெஞ்சரா?

டாக்டர் கேட்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டார். அந்த ஊர் மருத்துவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்விதான் அது.

"உப்பு?"

"விட்டாச்சு."

"மது?"

"பிறந்தநாள் வந்தா, அளவா."

"ட்ரொப்?"

"எல்லாரையும் போல, அளவாத்தான்."

டாக்டர் தலையாட்டினார். இங்கேதான் தவறு நடந்தது, இது அந்த மண்ணில் மட்டுமே நடக்கக்கூடிய தவறு. வேறு நாட்டு மருத்துவராக இருந்தால், "அது என்ன கருமம், வெளியே எடுங்கள், பார்க்கலாம்" என்றிருப்பார். டாக்டர் வீர்ஸ்மாவோ, பால் பற்கள் முளைத்த காலம் முதல் அதே மிட்டாயைச் சுவைத்தவர். எல்லாரையும் போல என்றால் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாதா? தன் அளவை நினைத்துக்கொண்டார், அடுத்த கேள்விக்குப் போனார்.

மாதங்கள் ஓடின. சிறுநீரகத்தைப் படம் பிடித்தார்கள். தூங்கும்போது மூச்சு நிற்கிறதா என்று மூக்கில் குழாய் மாட்டிப் பார்த்தார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது. சிறுநீர் மாத்திரையின் வேலையாக இருக்கும் என்று வாழைப்பழம் சாப்பிடச் சொன்னார்கள். கடைசியில் டாக்டர் பெருமூச்சு விட்டு, "இதுக்கு சிகிச்சைக்கு அடங்காத ரத்த அழுத்தம்னு பேரு" என்றார்.

அடங்காத! ஏல்கோ வாழ்நாளில் எதற்கும் அடங்காமல் இருந்ததில்லை. பள்ளியில் அடங்கினார், கூட்டுறவில் அடங்கினார், ரென்ஸ்கேவிடம் அடங்கினார். முதல்முறையாகத் தனக்குள் அடங்காத ஒன்று இருப்பது தெரிந்து, அன்று முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஓட்டினார். "மூணு மாத்திரை போட்டும் மசியல" என்று ஏறுகிறவர்களிடமெல்லாம், பள்ளியில் பரிசு வாங்கிய பேரனைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

வீட்டில் அளக்கும் சடங்கையும் சொல்ல வேண்டும். கால்களைத் தரையில் பதித்து, முதுகைச் சாய்த்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். ஏல்கோ உட்காருவார். இயந்திரம் உறுமும். எண் வரும்.

"இது செல்லாது. நீ மூச்சு விட்ட சத்தம் கேட்டுச்சு" என்பார் ரென்ஸ்கேவிடம்.

மறுபடி அளப்பார். "இதுவும் செல்லாது. முதல் நம்பரைப் பார்த்த பயம்." வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றுவார். கடைசியில் ரென்ஸ்கேவின் கையில் பட்டையைச் சுற்றுவார். இயந்திரம் அழகான எண்ணைக் காட்டும்.

"பாரு, மிஷின் சரியாத்தான் இருக்கு" என்பாள் அவள்.

"உனக்குச் சரியா இருக்கு. என்னைத்தான் அதுக்குப் பிடிக்கல."

ரென்ஸ்கேவின் அக்கா சீட்ஸ்கேவுக்குப் பிறந்தநாள் வந்தது. அங்கே பிறந்தநாள் என்றால் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வந்தவர்கள் எல்லாரும் எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லி, ஆளுக்கு ஒரு துண்டு கேக்கோடு உட்கார்ந்து, அவரவர் வியாதியைப் பேசுவது. அன்றைய கதாநாயகன் ஏல்கோதான்.

"பீட்ரூட் சாறு குடி" என்றாள் சீட்ஸ்கே.

"பூண்டு" என்றார் அவள் கணவர்.

"கவலைப்படறதை நிறுத்து" என்றார் இன்னொருவர், கவலையான முகத்தோடு.

பாலாடைக்கட்டித் துண்டுகள் வந்தன. ஏல்கோ கையெடுத்துத் தடுத்தார். சாசேஜ் வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்ன கட்டுப்பாடு பாருங்க!" என்று வட்டமே வியந்தது. பின்னாலேயே ட்ரொப் கிண்ணம் வட்டத்தைச் சுற்றி வந்தது. ஏல்கோ எடுத்தார். அடுத்த சுற்றிலும் எடுத்தார். யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் எடுத்துக்கொண்டிருக்கும்போது எடுக்கிற கை யார் கண்ணுக்குத் தெரியும்?

அன்று வீடு திரும்பும்போதுதான் அது நடந்தது. வாசல் படியில் ஏல்கோவின் கால் எழும்பவில்லை. தூக்கப் பார்த்தார், அது வேறு யாருடைய காலோ போல அப்படியே இருந்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஷூ நாடாவைச் சரிசெய்கிறவர் மாதிரி குனிந்தார். அந்த ஷூவில் நாடா கிடையாது. ரென்ஸ்கே பார்த்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"எப்பவாவதுதான்."

"பிரேக்கை அந்தக் காலாலதானே மிதிக்கிற?"

ஏல்கோ வீட்டுச் சாவியைத் தேடினார். அவருக்கும் அந்தக் கேள்வி வந்திருந்தது. இரண்டொரு முறை வளைவில் வந்திருந்தது. அதைக் கேட்டால் ஸ்டீயரிங் போய்விடும் என்பதால் கேட்காமல் வைத்திருந்தார்.

மறுநாள் காலை, வாழ்நாளெல்லாம் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தே போய் வந்த ரென்ஸ்கே, முதல்முறையாக ஊர்ப் பஸ்ஸில் ஏறி அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு வர்ற?"

"உன் காலைப் பார்த்துக்க."

"என் கால் எங்கூடத்தான் வருது."

"அதான் பயமா இருக்கு. ஓட்டு."

மூன்றாவது நிறுத்தத்தில் திருமதி போஸ்துமா ஏறினாள். எண்பதைத் தாண்டிய விதவை. காது மந்தம், அதனால் அவள் ரகசியம் பேசினால் மாடுகள் திரும்பிப் பார்க்கும். கைப்பையைத் திறந்தாள். "இந்தா ஏல்கோ, உனக்குப் பிடிச்ச ரெட்டை உப்பு!"

ஏல்கோ கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். "இல்ல, வேண்டாம்."

"வேண்டாமா? உடம்பு சரியில்லையா? தினமும் ரெண்டா எடுப்பியே!"

"என்கிட்ட மூணு எடுப்பான்" என்றார் பின்னாலிருந்த ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியர்.

"நேத்து என் பையையே காலி பண்ணினானே" என்று இன்னொரு குரல் அன்போடு சேர்ந்துகொண்டது.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கியதும், "பையைக் காட்டு" என்றாள் ரென்ஸ்கே. வலது பையில் ஒரு பொட்டலம். இடது பையில் ஒரு பொட்டலம். வெயில் மறைப்பானுக்குப் பின்னால் ஒன்று. இருக்கைக்கு அடியில் ஒரு தகர டப்பா.

"டப்பா எனக்கில்ல. அது பயணிகளுக்கு."

"ஏல்கோ."

"இதுல உப்பே இல்ல ரென்ஸ்கே! பேருதான் உப்பு. எழுதியிருக்கு, படிச்சுப் பாரு. நவச்சாரம். சமையல் உப்பு வேற."

ரென்ஸ்கே அந்தப் பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு வயல்களைப் பார்த்தாள். "ஆறு மாசமா நான் உப்பில்லாம உருளைக்கிழங்கு தின்னேன்" என்றாள் மெதுவாக. "எனக்கு ஒரு வியாதியும் கிடையாது, ஏல்கோ."

பொட்டலங்களோடும் கணவரோடும் அவள் நேராக டாக்டர் வீர்ஸ்மாவிடம் போனாள். எல்லாவற்றையும் மேசையில் கொட்டினாள். டாக்டர் அந்தக் கருப்புக் குவியலை விரலால் கிளறினார்.

"அளவான்னு சொன்னீங்களே!"

"அளவாத்தான் டாக்டர். பை காலியானதும் நிறுத்திடுவேன்."

"எந்தப் பை?"

"அன்னன்னைக்கு வாங்கற பை."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நவச்சாரத்தை விடுங்க, பிரச்சினை அந்த வேர்ல இருக்கு. அதிமதுரம் உங்க சிறுநீரகத்தை ஏமாத்தும். உப்பை உள்ள பிடிச்சு வைன்னு சொல்லும், பொட்டாசியத்தை வெளிய தள்ளுன்னு சொல்லும். அதான் அழுத்தம் ஏறுது, காலும் சோருது. நான் மூணு பம்பு வெச்சு தண்ணி இறைக்கிறேன், நீங்க பின்பக்கமா மடையைத் திறந்து விட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க!" பிறகு குரல் தணிந்தது. "நான் அன்னைக்கே எத்தனைன்னு கேட்டிருக்கணும். இனிமே ஒண்ணுகூடக் கிடையாது. மாத்திரைகளை நீங்களா நிறுத்தாதீங்க, நான் சொல்லும்போது குறைக்கலாம். கால் தேறும் வரைக்கும் பஸ் கிடையாது."

"அப்புறம்?"

"இறங்கினா கையெழுத்து. இறங்கலன்னா இல்ல."

அந்த வாரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஏல்கோ பல்குச்சியைக் கடித்தார், கேரட்டைக் கடித்தார், மூக்குக்கண்ணாடியின் காம்பைக் கடித்தார். பல்பொருள் அங்காடியில் அந்த மிட்டாய் அடுக்கு வந்ததும், பழைய காதலியின் வீட்டைக் கடப்பவர் போலத் தலையைக் குனிந்துகொண்டு போனார். ஜன்னலோரம் நின்று, வேறொருவர் ஓட்டிக்கொண்டு போகிற பஸ்ஸைப் பார்த்தார். "வளைவுல கியரை மாத்தறான் பாரு, மடையன்" என்றார். ரென்ஸ்கே அவருடைய உருளைக்கிழங்கில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டாள். அளவாகத்தான், கரண்டியால் அளந்து.

கால் மெல்லத் தேறியது. சான்றிதழ் நாள் வந்தது. ஏல்கோ கால்களைப் பதித்து, முதுகைச் சாய்த்து, பேசாமல் உட்கார்ந்தார். பட்டை இறுகியது, தளர்ந்தது.

"நூத்தி முப்பத்தெட்டு" என்றார் டாக்டர்.

"அவ்வளவுதானா?" ஏல்கோவின் குரலில் மெல்லிய ஏமாற்றம் இருந்தது. "அடங்காததுன்னு சொன்னீங்களே."

டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை ஏல்கோ சவரம் செய்துகொண்டு, விசிலடித்தபடி பஸ்ஸை எடுத்தார். மூன்றாவது நிறுத்தத்தில் திருமதி போஸ்துமா ஏறி, கைப்பையைத் திறந்து, கருப்புப் பூனை மிட்டாய் ஒன்றை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். வாசனை வந்தது. ஏல்கோவின் கை ஸ்டீயரிங்கை விட்டு ஒரு விரற்கடை எழும்பியது. பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டது.

"வேண்டாம். எனக்கு பிரஷர்."

"யாருக்குத்தான் இல்ல?" என்றாள் அவள். "எனக்கு நாலு மாத்திரை. ஒண்ணும் மசியல. டாக்டரே கையை விரிச்சுட்டாரு."

ஏல்கோ மெதுவாகத் திரும்பினார். "இங்க யாருக்கெல்லாம் பிரஷர் இருக்கு? கையைத் தூக்குங்க."

கைகள் எழுந்தன. வாய்கள் அசைந்துகொண்டே இருந்தன. மாட்டு வைத்தியர் மட்டும் கை தூக்கவில்லை. அவருடைய கை மிட்டாய்ப் பொட்டலத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. ஏல்கோ இஞ்சினை நிறுத்திவிட்டு, சிறுநீரகம் என்றார், வேர் என்றார், பம்பு என்றார், மடை என்றார். கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்ட திருமதி போஸ்துமா, அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"உன் கதை வேற ஏல்கோ, நீ கட்டுப்பாடில்லாம தின்னே. நாங்கல்லாம் அளவாத்தான். வண்டியை எடு, முடிதிருத்தகத்துக்கு நேரமாச்சு."

ஏல்கோ வண்டியை எடுத்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை, அதிமதுர மிட்டாயை நீங்கள் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் மருத்துவர் கேட்டபோது ஊறுகாயைத் தொட்டுக்கொள்வதோடு சரி என்று சொல்லியிருப்பீர்கள், அப்பளம் விருந்தில் மட்டும் என்று சொல்லியிருப்பீர்கள், அவையெல்லாம் உண்மையாகவும் இருக்கலாம். ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். இந்தப் பக்கங்களை இவ்வளவு நேரமும் வலது கையால் புரட்டிக்கொண்டு வந்தீர்கள், சரி. இடது கை எந்த டப்பாவுக்குள் இருக்கிறது?